அம்மா ஒரே மாதத்தில் இளைத்த கதை

அம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். வந்தவர்கள் எல்லாம் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். சித்தி மட்டும் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் கையைப் பிடித்துச் சமையலறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

“ஏம்மா, போன மாசம் பார்த்தப்ப அக்கா எப்படி இருந்தா! ஒரே மாசத்துல இப்படி எளைச்சிருக்காளே. என்ன சாப்பிட்டா? ஏதாவது பொடியா?”

கேட்டபின் அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். சித்தி கெட்டவள் இல்லை. அவளுக்கு முழங்கால் வலி. எடையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அன்று எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

அம்மா ஒரு சலவைக் கூடத்தில் வேலை பார்த்தாள். ஓட்டல்களின் படுக்கை விரிப்பு, துண்டு, மேசைத் துணி எல்லாம் அங்கே மூட்டை மூட்டையாக வரும். தம்பி கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா போய்விட்டார். அப்போது சேர்ந்தவள். அழுக்குத் துணி பிரிப்பதில் தொடங்கி, துவைக்கும் இயந்திரம், பிழியும் இயந்திரம், இஸ்திரி உருளை, மடிக்கும் மேசை என்று எல்லா இடத்திலும் நின்றிருக்கிறாள். பெரிய உடம்பு. இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய பெரிய குரல். வீட்டில் உப்பு கேட்டால்கூடப் பக்கத்து வீட்டுக்காரி எடுத்துக்கொண்டு வருவாள்.

மடிக்கும் மேசையில் அவளுடைய ஜோடிக்குக் குச்சி என்று பட்டப்பெயர். அம்மாவுக்குப் பீப்பாய். பெரிய விரிப்பை ஒருவரால் மடிக்க முடியாது. இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து, உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வரவேண்டும். “பீப்பாய் ஒரு இழுப்பு இழுத்தா நான் பறந்து போய் அந்தச் சுவத்துல ஒட்டிக்குவேன்” என்பாள் குச்சி அக்கா. “ஒட்டிக்கோ. சம்பளம் எனக்கு ரெண்டா வரும்” என்பாள் அம்மா.

தம்பிக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதானது. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். மூன்றாம் ஆண்டில் ஊசி போட இடம் தீர்ந்துகொண்டு வந்தது. இடது கை ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. வலது கை பாதி அடைத்துவிட்டது. கழுத்தில் போட்ட குழாயில் இரண்டு முறை சீழ் பிடித்தது. சிறுநீரகம் கொடுக்க என் ரத்த வகை அவனுக்குச் சேரவில்லை. அம்மாவுடையது சேர்ந்தது. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. தடை ஒன்றுதான். எடை.

சிறுநீரக டாக்டர் ஒரு பெண். ஒளித்துப் பேசமாட்டார்.

“உங்க உயரத்துக்கு இது ரொம்ப அதிகம்மா. மயக்க மருந்து குடுக்கறதே ரிஸ்க். அதோட ஒரு கிட்னியை எடுத்துட்டா மிச்சம் இருக்கறது ஒண்ணு. நாளைக்கு உங்களுக்குச் சர்க்கரை, பிரஷர்னு வந்தா அது தாங்கணும். பன்னிரண்டு கிலோ குறைச்சிட்டு வாங்க. ஆறு மாசம் எடுத்துக்குங்க.”

“அடுத்த மாசம் கூட்டம் இருக்குன்னு சொன்னீங்களே டாக்டர்?” கொடுக்க வருபவரை ஏற்பதா வேண்டாமா என்று டாக்டர்கள் முடிவெடுக்கும் கூட்டம் அது.

“இருக்கு. அதுக்குள்ள முடியாது. முயற்சியும் பண்ணாதீங்க.”

“இவன் ஆறு மாசம் தாங்குவானா?”

டாக்டர் உடனே பதில் சொல்லவில்லை. அம்மா அதைத்தான் பதிலாக எடுத்துக்கொண்டாள்.

நான் குடிநீர் நிலையம் ஒன்றில் கருவிகளைச் சரிபார்ப்பவள். அழுத்தமானி, ஓட்டமானி, தராசு. அன்று சாயங்காலம் சமையலறை மேசையில் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு கிலோ கொழுப்பில் ஏழாயிரத்து எழுநூறு கலோரி இருக்கிறது. நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் அம்மாவின் உடம்புக்கு ஒரு நாளைக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது.

“பச்சைத் தண்ணி பல்லுல படாம பட்டினி கெடந்தாலும் ஒரு மாசத்துல பன்னிரண்டு கிலோ கொழுப்பு கரையாதும்மா. கணக்கு உதைக்குது. அப்புறம் எதுல இருந்து குறையும்னு நெனைக்கிறே? தண்ணியில இருந்து. சதையில இருந்து. இதயமும் சதைதான்.”

“எதுல இருந்து குறைஞ்சா என்னடி? தராசுக்குத் தெரியுமா?”

“தராசுக்குத் தெரியாது. டாக்டருக்குத் தெரியும்.”

“டாக்டர் தராசைத்தான் பார்ப்பாங்க.” கூடத்துக் கட்டிலில் படுத்திருந்த தம்பியைக் கையால் காட்டினாள். “அவனுக்கு நாலு மணி நேரத்துல மூணு கிலோ எறங்குது. என் கண்ணாலயே பார்க்கறேன். ஏறும்போது ஒரு எடை, எறங்கும்போது ஒரு எடை. எனக்கு மட்டும் எறங்காதா?”

“அது அவன் உடம்புல தங்கிப் போன தண்ணிம்மா. மெஷின் உறிஞ்சி எடுக்குது. உன் உடம்புல அப்படித் தங்கல.”

“நனைஞ்ச மூட்டைய நாலு பேர் சேர்ந்து தூக்குவாங்க. பிழியற மெஷின்ல ஒரு சுத்து விட்டா நான் ஒருத்தியே தூக்கிட்டுப் போவேன். எனக்கா எடை சொல்லித் தர்றே?”

தம்பி கட்டிலிலிருந்து சொன்னான்: “அம்மா, அந்த மெஷின்ல நீ ஏறினா மெஷின்தான் எளைக்கும்.”

“சும்மா கெடடா, ஒட்டடைக் குச்சி. எல்லாம் உனக்காகத்தான்.”

“அதனாலதான் வேணாங்கறேன்” என்றான். சிரிக்காமல் சொன்னான். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவள் செய்த தவறு இதுதான். எங்கள் வீட்டில்தான் இது நடக்கும். நாங்கள் மூன்று ஆண்டுகளாக வாரம் மூன்று முறை, ஒரு மனிதன் மத்தியானத்துக்குள் மூன்று கிலோ இளைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மாவோ ஆயுள் முழுக்கத் துணி பிழிந்தவள். உடம்பும் அப்படித்தான் என்று அவள் நம்பியதில் ஆச்சரியம் இல்லை.

வாயைக் கட்டினாள். காலையில் சர்க்கரை இல்லாத டீ, மத்தியானம் வெள்ளரிக்காய், சாயங்காலம் ஒன்றும் இல்லை. முதல் வாரத்தில் நாலு கிலோ குறைந்தது. அன்று அம்மா கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து எல்லாரிடமும் சொன்னாள். யாருக்கும் முதல் வாரம் அப்படித்தான் குறையும், உடம்பில் சேர்த்து வைத்த மாவுச்சத்தும் அதோடு ஒட்டிய நீரும் போகிறது, கொழுப்பு கொஞ்சம்தான் என்றேன். “நல்லது நடந்தா உனக்குப் பொறுக்காதே” என்றாள்.

இரண்டாம் வாரம் தராசு முள் நகரவில்லை. அம்மா பயந்துபோனாள். வெள்ளரிக்காயும் நின்றது. நான் வீட்டுத் தராசை அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அவள் துணி மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் ஏறிப் பார்த்துக்கொண்டாள். வேர்க்கட்டும் என்று சட்டைக்குள் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு இஸ்திரி உருளைப் பக்கம் வேலை கேட்டு வாங்கியதாகக் குச்சி அக்கா எனக்கு போன் செய்தாள். “சொன்னா கேக்க மாட்டேங்கறா. அந்தச் சூட்டுல நாங்களே அரை மணிக்கு மேல நிக்க மாட்டோம். நீ வந்து ரெண்டு அறை விடு.”

போனேன். கெஞ்சினேன், கத்தினேன். சூப்பர்வைசரிடம் சொல்லி அவளை மடிக்கும் மேசைக்கு மாற்ற வைத்தேன். டாக்டரைப் பார்க்கக் கூப்பிட்டால் “கூட்டத்தன்னைக்குப் பார்த்துக்கலாம்” என்றாள். படியேறும்போது சுவரைப் பிடித்தாள். கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. வளையல் கையிலிருந்து தானாகக் கழன்று பாத்திரம் கழுவும் தொட்டியில் விழுந்தது. அதை எடுத்து என் கையில் போட்டுவிட்டு, “பார்த்தியா, எளைச்சிட்டேன்” என்றாள். முகம் சாம்பல் நிறம். கண்ணில் மட்டும் சந்தோஷம்.

கூட்டத்துக்கு முந்தைய வாரம் எடை மறுபடி சரசரவென்று இறங்கியது. எப்படி என்று கேட்டேன். “மனசு வச்சா எறங்கும்” என்றாள்.

கூட்டத்தன்று காலை மருத்துவமனைத் தராசில் ஏறும்முன் செருப்பைக் கழற்றினாள். தோட்டைக் கழற்றினாள். நர்ஸ் சிரித்தாள்: “கம்மல் என்னம்மா எடை வரும்?” “எதுக்கு வம்பு” என்றாள் அம்மா. டாக்டர் கேட்ட எடைக்கும் ஒரு கிலோ குறைவாகவே காட்டியது. அம்மா தராசிலிருந்து இறங்காமல் அங்கேயே நின்று என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி எழுத என்னால் முடியாது.

டாக்டர் எண்ணைப் பார்க்கவில்லை. நாக்கை நீட்டச் சொன்னார். புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டார். அது கூடாரம் போல அப்படியே நின்றது.

“என்னம்மா பண்ணீங்க?”

“வாயைக் கட்டினேன் டாக்டர்.”

“தண்ணி?”

“அதெல்லாம் குடிக்கறேன்.”

“ரத்தம் குடுங்க. ஈசிஜி எடுங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் இங்கேயே உட்காருங்க. எங்கேயும் போகக் கூடாது.”

அம்மா தலையாட்டினாள். ரத்தம் கொடுத்தாள். நான் ஈசிஜி வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது நாற்காலி காலி. வாசல் காவலாளி சொன்னார்: “ஷிப்டுக்கு நேரமாச்சுன்னு போயிட்டாங்கம்மா. பொண்ணுகிட்ட சொல்லச் சொன்னாங்க. எடை சரியா இருக்காம், கவலைப்பட வேணாமாம்.” தம்பியோடு ஆஸ்பத்திரிக்கு வந்து வந்தே அவளுடைய விடுப்பெல்லாம் தீர்ந்திருந்தது.

நான் ஸ்கூட்டரை எடுக்கும்போது போன் வந்தது. ஆய்வகத்திலிருந்து டாக்டருக்கு, டாக்டரிடமிருந்து எனக்கு. பொட்டாசியம் அபாய அளவுக்குக் கீழே. உடனே கூட்டிக்கொண்டு வா. நடக்க விடாதே. சிறுநீரகம் அடிபட்டதைக் காட்டும் கிரியேட்டினினும் ஏறியிருக்கிறது.

சலவைக் கூடத்தில் போனை அலமாரியில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். அம்மாவைக் கூப்பிட வழியில்லை. சூப்பர்வைசரின் போன் மணியடித்துக்கொண்டே இருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா மடிக்கும் மேசையில் தனியாக நின்றிருந்தாள். குச்சி அக்கா தள்ளுவண்டி எடுக்கப் போயிருந்தாள்.

“வாடி. இந்த முனையைப் பிடி.”

“அம்மா, வா போகலாம். ஆஸ்பத்திரில கூப்பிடறாங்க.”

“எடைதான் சரியா இருக்கே.”

“ரத்தம் சரியில்ல. நீ உட்காரு முதல்ல.”

“இந்த ஒண்ணு முடிச்சிட்டு வர்றேன். பிடி.”

பிடித்தேன். பிடித்தால் சீக்கிரம் முடியும் என்று தோன்றியது. இருவருக்கும் நடுவில் வெள்ளை விரிப்பு.

“என்ன சாப்பிட்டே? உண்மையைச் சொல்லு.”

அம்மா உதறினாள். கையில் பலம் இல்லை. துணியில் அலையே எழவில்லை. “சின்னவனோட பழைய மாத்திரை இருந்துச்சு. மெஷினுக்குப் போறதுக்கு முன்னாடி அவனுக்குத் தண்ணி பிரியறதுக்குக் குடுத்தது. டாக்டர் எழுதிக் குடுத்த மாத்திரைதானே.”

“அவனுக்கு எழுதிக் குடுத்தது.”

“பெத்தவதானே நானு.” அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். அம்மா குரலைத் தாழ்த்தி நான் கேட்டதில்லை. “கிட்னி நல்லாத்தானே இருக்கு?”

நான் பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை.

“அடி வாங்கியிருக்கு. தண்ணி இல்லாம. இன்னைக்குக் கூட்டத்துல ஒத்துக்க மாட்டாங்க.”

அம்மா விரிப்பின் ஓரத்தைப் பார்த்தாள். முனையோடு முனை சேர்த்தாள். மடிப்பதற்காக என்னை நோக்கி நடந்து வந்தாள். மூன்று எட்டுதான். பாதியில் கால் மடங்கியது. துணி என் கையில் இருந்தது. அவள் கையிலும் இருந்தது. அப்படியே விழுந்தாள்.

குச்சி அக்கா ஓடிவந்து நெஞ்சை அழுத்தினாள். “பீப்பாய்! ஏய் பீப்பாய்! எழுந்திருடி!” என்று ஒவ்வோர் அழுத்தலுக்கும் கத்தினாள். நான் மாறினேன். மறுபடி அவள். ஆம்புலன்ஸ் வந்தது. மருத்துவமனையிலும் வெகுநேரம் பார்த்தார்கள். இதயத் துடிப்பு திரும்பி வரவில்லை.

டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். பொட்டாசியம் அவ்வளவு குறைந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடும். பட்டினி பாதி, மாத்திரை மீதி. தம்பி ஒன்றே ஒன்று கேட்டான்.

“கிட்னி?”

“அது சரியாகியிருக்கும். டிரிப் ஏத்தி, ஒழுங்கா தண்ணி குடிக்க வச்சிருந்தா ரெண்டு மூணு வாரத்துல தேறியிருக்கும். நல்ல கிட்னிப்பா. அவசரப்படாம எளைச்சிருந்தா எடுத்திருப்போம்.”

தம்பிக்குத் தொடையில் ஒரு குழாய் போட்டார்கள். அது வேலை செய்கிறது. டாக்டர் சொன்ன ஆறு மாதம் போன மாதமே முடிந்துவிட்டது. அவன் தாங்கிவிட்டான். தாங்கமாட்டான் என்று அம்மா போட்ட கணக்கு ஒன்று, ஒரு மாதத்தில் இளைக்கலாம் என்று போட்ட கணக்கு ஒன்று. இரண்டும் தப்பு. முதல் கணக்கு தப்பென்று அன்று யாராலும் அவளிடம் சொல்லியிருக்க முடியாது. டாக்டராலேயே முடியவில்லை. வேறு சிறுநீரகம் கிடைக்கவில்லை. இனி வரிசையில் காத்திருக்கவேண்டும். அந்த வரிசை எவ்வளவு நீளம் என்று யாரும் சொல்வதில்லை.

இரண்டு முறை அவன் டயாலிசிஸுக்கு வரமாட்டேன் என்று படுத்துக்கொண்டான். “எனக்காகத்தானே போனா. நான் எதுக்கு?” என்றான். முதல் முறை குச்சி அக்கா வந்து அவனைத் திட்டித் தூக்கினாள். இரண்டாம் முறை நானே தூக்கினேன். கனமே இல்லை.

நேற்று இயந்திரத்திலிருந்து இறக்கியபின் தராசில் ஏறினான். இப்போதெல்லாம் எண்ணைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பித்தான் நிற்கிறான். புது நர்ஸ். அவளுக்கு எங்கள் கதை தெரியாது.

“அடேயப்பா, மூணு கிலோ எறங்கியிருக்கே! எங்களுக்கெல்லாம் இப்படி எறங்கினா எவ்வளவு நல்லா இருக்கும்” என்றாள்.

தம்பி சுவரைப் பார்த்தபடியே சொன்னான்:

“வெறும் தண்ணி சிஸ்டர். அதுல ஒண்ணுமில்ல.”