மரியநாயகம் அங்கே அநாதையாக இருக்கவில்லை

மரியநாயகத்தின் மகள் நிர்மலாவின் அழைப்பு வந்தபோது காலை ஏழு மணி. மொன்றியலின் வில்லரேப் பகுதியில் என் சமையலறையில் தேநீருக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். யப்பானில் அப்போது பொழுதுபட்டிருக்கும். "அங்கிள், அப்பா எங்களை விட்டிட்டுப் போட்டார்" என்றாள். ஆறுதல் சொல்லவேண்டிய இடத்தில் எனக்கு வேறொரு கேள்விதான் வாயில் வந்தது. "பக்கத்திலை ஆர் இருந்தது, பிள்ளை?" என்று கேட்டேன். "ஒகாதா அன்ரி இருந்தவ" என்றாள். அவள் கணவன் வேலைக்குப் போயிருந்தான். அவள் மகளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போயிருந்தாள். அந்த நேரத்தில் வீட்டுக்கு வீடு கைமாறும் ஊர்ச்சங்கச் சுற்றறிக்கைப் பலகையைக் கொடுக்க வந்த பக்கத்து வீட்டு ஒகாதா அம்மையார், கூப்பிட்டும் ஒருவரும் வராததால் பூட்டாத கதவைத் திறந்து உள்ளே போய்ப் பார்த்திருக்கிறார். அம்புலன்ஸ் வரும்வரை மரியநாயகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்திருக்கிறார். மூச்சு அடங்கியது அந்தக் கையில்தான்.

இதைத் தொடக்கத்திலேயே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. மரியநாயகத்தை அறிந்த மொன்றியல் தமிழர்களே, இந்த ஒரு மாதமாக நீங்கள் பேசியதை நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தமிழ்க் கடையில், கோயில் மண்டபத்தில், பஸ்ஸில் எல்லாம் ஒரே கதை. "பாவம் மனிசன். மகள் தெரியாத ஊரிலை கொண்டுபோய் விட்டிட்டாள். தனியக் கிடந்து செத்தவராம்." எனக்குக் கோபம் வருகிறது. எனக்குக் கோபப்பட்டுப் பழக்கமில்லை. இது நியாயமான கோபம்தானா என்று பல நாள் யோசித்துப் பார்த்தேன். நியாயமானதுதான் என்ற முடிவுக்கு வந்தபிறகே பேனாவை எடுத்தேன்.

நாங்கள் இருவரும் யாழ்ப்பாணத்தில் நில அளவைத் திணைக்களத்தில் ஒன்றாக வேலை பார்த்தோம். அவர் சங்கிலி பிடித்து வயலும் வாய்க்காலும் அளந்து வருவார். நான் மேசையில் இருந்து படம் வரைவேன். அவர் மன்னார்க் கத்தோலிக்கர், நான் சைவக்காரன். பிறகு நாடு எங்களைத் துரத்த, வெவ்வேறு வழியால் மொன்றியலுக்கு வந்து சேர்ந்தோம். இங்கே அவர் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு அப்பார்ட்மென்டில் பதினேழு வருடம் இருந்தார். உடுப்புத் தொழிற்சாலையில் இஸ்திரி போட்டார். மனைவியை இங்கேதான் அடக்கம் செய்தார்.

ஒரே மகள் நிர்மலா படிப்பை முடித்துவிட்டு ஆங்கிலம் கற்பிக்க யப்பானுக்குப் போனாள். கடலோரத்தில் ஒரு சிறிய ஊர். அந்த ஊர் நகரசபையின் தண்ணீர்ப் பகுதியில் வேலை செய்த கென்ஜியைத் திருமணம் செய்தாள். 2002இல் அவளுக்குப் பிள்ளை பிறக்கவிருந்தது. எங்கள் சனங்களில் பிள்ளைப்பேறு பார்க்கத் தாய்மார் உலகத்தின் எந்த மூலைக்கும் போவார்கள். தாய் இல்லாதபடியால் தகப்பன் போவதென்று மரியநாயகம் முடிவெடுத்தார். கோயில் மண்டபத்தில் கிண்டலுக்குக் குறைவில்லை.

"என்ன மரியநாயகம் அண்ணை, பிள்ளை பெத்தவளுக்குக் காயச்சரக்கு அரைச்சுக் குடுக்கவோ போறியள்?"

"ஓம், அம்மியையும் தூக்கிக்கொண்டுதான் போறன். நீரும் வாருமன், குழவிக்கு ஆள் வேணும்."

எல்லோரும் சிரித்தார்கள். மூன்று மாதத்தில் திரும்பி வருவதாகச் சொல்லிப் போனவர் ஆறு வருடம் அங்கேயே இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ரெலிபோன் காட் போட்டு நான் எடுப்பேன். அந்த வாழ்க்கையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் வாயால் கேட்டவை. அவர் எதையும் இனிப்புப் பூசிச் சொல்பவர் அல்லர்.

முதல் மாதம் அவருக்கு அங்கே வாய்த்த சண்டை குப்பையோடு. அந்த ஊரில் எரியும் குப்பைக்கு ஒரு நாள், போத்தலுக்கு ஒரு நாள், கடதாசிக்கு ஒரு நாள். பையில் வீட்டுப் பெயர் எழுதவேண்டும். இவர் மீன்முள்ளையும் பால் பெட்டியையும் ஒரே பையில் கட்டி வைத்துவிட்டார். பை திரும்பி வாசலுக்கு வந்தது. அடுத்த முறையும் வந்தது. மூன்றாம் முறை இவர் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு நேரே ஒகாதா அம்மையாரின் வீட்டுக்குப் போய், முற்றத்தில் கொட்டி, "காட்டுங்கோ" என்று தமிழிலேயே சொல்லியிருக்கிறார். அந்த மனிசி குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாராம். கடைசியில் பால் பெட்டியைக் கழுவி, வெட்டி விரித்து, தட்டையாக்கி இரண்டு கையாலும் நீட்டினாராம். "சிவம், எனக்கு வெக்கமாப் போச்சு. நான் சண்டை பிடிக்கவெல்லோ போனனான்" என்றார். அடுத்த கிழமை அவர் வைத்த பை திரும்பி வரவில்லை என்று என்னிடம் சொன்னபோது, அவருடைய குரலில் சோதனை பாஸ் பண்ணிய சந்தோசம் இருந்தது.

எல்லாம் இப்படி நல்லபடி முடிந்ததென்று நான் எழுதினால் அது பொய். ஒரே கிழமையில் ஒரே பொலிஸ்காரர் மூன்று தரம் மறித்து அடையாள அட்டை கேட்டிருக்கிறார். பஸ்ஸில் சனம் நின்றாலும் அவருக்குப் பக்கத்து இருக்கை வெறுமையாக இருக்கும். "அங்கை அது உமக்குக் கவலை இல்லையோ?" என்று கேட்டேன். "கவலைதான். ஆனா மொன்றியலிலையும் அப்பிடித்தானே இருந்தது. நீர் கவனிக்கேல்லையோ?" என்றார். நான் கவனித்திருக்கிறேன். ஒருவரிடமும் சொன்னதில்லை.

பன்னிரண்டு வீடுகளுக்கு ஒரு குழு, வருடத்துக்கு ஒரு வீடு அதற்குத் தலைமை என்பது அந்த ஊர் வழக்கம். நாலாம் வருடம் கென்ஜியின் வீட்டுக்கு முறை வந்தது. கென்ஜிக்கு நேரமில்லை, மாமனார் செய்வார் என்று சொல்லிவிட்டான். எழுத வாசிக்கத் தெரியாத வெளிநாட்டுக்காரன் எப்படிச் செய்வான் என்று ஒருவர் எதிர்த்தார். அந்த மனிதர் கடைசிவரை இவருக்கு வணக்கம் சொல்லவில்லை. இவரும் விடவில்லை. கென்ஜி அறிவித்தல்களை வாசித்து ஆங்கிலத்தில் சொல்ல, இவர் தமிழில் குறித்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். அந்த ஒழுங்கையின் வடிகான் முழுவதையும் காலடியால் அளந்து ஒரு படம் கீறி, எந்த வீடு எந்தத் துண்டைத் துப்புரவாக்குவது என்று பிரித்துக் கொடுத்தார். அதற்கு முதல் ஒவ்வொரு வருடமும் அதில் தகராறு வருமாம். அந்த வருடம் வரவில்லை.

அந்த வருடம்தான் பெறாமகளின், அதாவது தம்பி மகளின், கலியாணத்துக்காக மூன்று கிழமை மொன்றியலுக்கு வந்தார். விருந்தில் தன் பதவியைப் பற்றிச் சொன்னார். மேசை முழுக்கச் சிரித்தது. "குப்பைக்கு மணியகாரன்!" என்றார் ஒருவர். "கனடாப் பாஸ்போட்டோடை போய்க் கான் வழிக்கிறியளோ அண்ணை?" என்றார் இன்னொருவர். அவரும் சிரித்தார். திரும்பி மெற்றோவில் வரும்போது சிரிப்பு இல்லை. "சிவம், பதினேழு வருசம் இஞ்சை ஒரே கட்டிடத்திலை இருந்தனான். எனக்கு மேல் வீட்டிலை இருந்த மனிசன்ரை பேர் இண்டைக்கும் தெரியாது. அங்கை பன்னிரண்டு வீட்டிலையும் ஆருக்கு நாரி நோ, ஆருக்கு முழங்கால் நோ எண்டும் தெரியும். இவை என்னைப் பார்த்துப் பாவப்படுகினம்" என்றார். அதற்குப் பிறகு அவரைத் திரும்பி வரச்சொல்லி நான் கேட்டதில்லை. நிர்மலா கேட்டாள், இரண்டு முறை. வரமாட்டேன் என்றவர் அவர். மகள் விட்டுவிட்டாள் என்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி என் பங்கு.

ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அச்சடிப்பது எங்கள் வழக்கம். வரலாறு எழுதும் வேலையை மரியநாயகத்தின் தம்பி இராசநாயகம் என்னிடம் தந்தார். யப்பான் வருடங்களுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கினேன். உறவினர் வரிசையில் மருமகன் கென்ஜி, பேத்தி மிகா என்று ஒழுங்காகப் போட்டேன். இரண்டு பஸ் மாறி இல்-பிசாரில் இருக்கும் இராசநாயகத்தின் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவர் வாசித்துவிட்டுச் சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"சிவமண்ணை, உந்த யப்பான் கதையை எடுத்துவிடுங்கோ."

"ஏன் தம்பி? ஆறு வருசமெல்லோ."

"அதுதான் சொல்லுறன். தமையனைத் தாங்கள் பாக்காமல் அங்கை விட்டவை எண்டு சனம் எங்களைத்தான் சொல்லும். கான் வழிச்சதையும் எழுதி வைச்சிருக்கிறியள்."

"சரி. மருமகன்ரை பேர்?"

"கோயிலிலை கலியாணம் முடிக்காதவன், ஞானஸ்நானம் எடுக்காதவன். மருமகன் எண்டு போட்டால் பங்குச் சுவாமி என்ன நினைப்பார்?"

"சுவாமி கேட்டவரோ?"

"கேக்க முன்னம் நாங்கள் பாக்கவேணும். உங்களுக்கு எங்கடை கோயில் விசயம் விளங்காது, அண்ணை. மற்றது, அங்கை எரிச்ச பிறகு குச்சியாலை எலும்பு பொறுக்கின கதை ஒருத்தருக்கும் தெரியக்கூடாது."

நான் "சரி" என்றேன். சைவக்காரன், அவர்களுடைய கோயில் விடயத்தில் எனக்கென்ன கதை என்று எனக்கே ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டேன். அந்தப் பக்கம் முழுவதற்கும் பதிலாக, "சில காலம் வெளிநாட்டில் வசித்தார்" என்ற ஒரு வரியை என் கையாலேயே எழுதினேன். வெளிநாடு! அப்படியானால் நாங்கள் இருக்கும் இந்த இடம் எது?

நினைவுப் பூசை நாள் மாதா கோயில் வாசலில் நினைவு மலரைக் கொடுக்கும் பொறுப்பும் எனக்குத்தான். கென்ஜி கறுப்புக் கோட்டும் கறுப்புக் கழுத்துப்பட்டியும் அணிந்து, வெள்ளைத் துணியால் சுற்றிய அஸ்திப் பெட்டியை மார்போடு அணைத்தபடி படியேறி வந்தான். விமானத்திலும் அதை மடியிலேயே வைத்திருந்தானாம். இராசநாயகம் எதிரே போய் அதை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டார். அவன் இரண்டு கையாலும் கொடுத்து, குனிந்து வணங்கினான். குடும்பத்தார் முன்வரிசைக்குப் போனார்கள். நிர்மலாவைப் பெண்கள் கட்டிப்பிடித்து அழுதபடி கூட்டிப்போனார்கள். அவனை ஒருவரும் கூப்பிடவில்லை. ஒழுங்கு பார்த்த பொடியன் ஒருவன் பிரெஞ்சில் ஏதோ கேட்டு, பதில் வராததால் கடைசி வரிசை வாங்கைக் காட்டிவிட்டான்.

நான் ஒரு மலரை அவனிடம் கொடுத்தேன். அவன் அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டினான். பிறகு என்னிடம் வந்து, ஆங்கிலத்தில், மெதுவாகக் கேட்டான்: "என் பெயர் எது?"

இல்லை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. விரலை நீட்டினேன். அது போய் நின்ற இடம், "சில காலம் வெளிநாட்டில் வசித்தார்" என்ற வரி. அவன் அந்த வரியை ஒரு முறை விரலால் தடவிவிட்டு, எனக்கு நன்றி சொல்லிக் குனிந்தான். எழுபத்துமூன்று வயதில் நான் செய்த காரியம் இது.

பூசை முடிந்து மண்டபத்தில் அவன் அதே வரியை மகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். தமிழ் வாசிக்கத் தெரிந்த நிர்மலா எட்டிப் பார்த்தாள். அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. நேரே என்னிடம் வந்தாள்.

"அங்கிள், நீங்கள்தானே எழுதினது?"

"ஓம், பிள்ளை."

"சிவம் எழுதினால் ஒரு பிழை இராது எண்டு அப்பா சொல்லுறவர்." அவ்வளவுதான் சொன்னாள். ரோல்ஸ் தட்டைக் கொண்டுவந்த பெண்ணுக்கு வழிவிட்டு விலகிப் போய்விட்டாள்.

ஆகவே ஒருத்தருக்கும் தெரியக்கூடாது என்றதை இப்போது எழுதுகிறேன். அந்த ஊரில் தகனத்துக்குப் பின் எலும்புகளை நெருங்கியவர்கள் இருவர் இருவராகக் குச்சிகளால் சேர்ந்து தூக்கிப் பேழையில் வைப்பார்கள். கால் எலும்பில் தொடங்கித் தலையில் முடிப்பார்கள். போனவர் உள்ளே தலைகீழாக இருந்துவிடக்கூடாது என்ற கவனம் அது. மரியநாயகத்துக்கு அதைச் செய்தவர்கள் நிர்மலாவும் கென்ஜியும். பிறகு ஒகாதா அம்மையாரும் கென்ஜியும். கென்ஜி ஒன்றையும் நழுவ விடவில்லையாம். கத்தோலிக்கனை எரித்துவிட்டார்கள் என்று குசுகுசுக்கிறவர்களே, சென்ற வருடம் இதே கோயிலிலிருந்து எத்தனை பேரைத் தகனத்துக்கு அனுப்பினோம்? உள்ளே போன பெட்டி வெளியே வரும்வரை எங்களில் யார் நின்றோம்? மண்டபத்தில் சாப்பாடு ஆறிவிடும் என்று காரில் ஏறியவர்களில் நானும் ஒருவன்.

மலரில் விடுபட்டதை இங்கே சேர்க்கிறேன். அமரர் மரியநாயகம் யப்பானில் ஒரு சிறு ஊரில் ஆறு வருடம் தன் விருப்பத்தோடு வாழ்ந்தார். அங்கே பன்னிரண்டு வீடுகளுக்குத் தலைவராக இருந்தார். நிர்மலாவின் தந்தை, மிகாவின் பாட்டனார், கென்ஜியின் மாமனார். இந்தப் பத்திரிகை வெளிவந்ததும் ஒரு பிரதியைக் கென்ஜிக்கு அனுப்புவேன், அவன் பெயர் உள்ள இடத்தில் பென்சிலால் கோடிட்டு. அவன் என்னை மன்னிப்பானா தெரியாது. அவனுக்கு நான் செய்தது இன்னும் தெரியாது என்பதுதான் எனக்கு அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

மரியநாயகத்தின் நினைவாக என்னிடம் இருப்பது சிவப்புக் கோடு விழுந்த அந்த யப்பான் பக்கத் தாள். மலரில் இருப்பவர் யாரோ ஒருவர்; அந்தத் தாளில்தான் அவர் இருக்கிறார். இதை வாசித்துவிட்டு இராசநாயகம் எனக்கு ரெலிபோன் எடுப்பார். எடுக்கட்டும். இந்த முறை நான் "சரி" என்று சொல்லமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.