ஆரின்ரை பிள்ளை நீ?

எங்கள் பக்கத்தில் வழியில் ஒரு குழந்தையைக் கண்டால் பெயரைக் கேட்க மாட்டார்கள். "ஆரின்ரை பிள்ளை நீ?" என்றுதான் கேட்பார்கள். என் அண்ணன் அதைத் தன் சொந்த மகளிடம் தினமும் கேட்டார்.

யாழ்ப்பாணத்திலிருந்து உருத்திரபுரத்துக்கு வயல் செய்ய வந்தவர் அவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் தொடக்கத்தில் மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தார். விதைப்பு, வாய்க்கால், பழைய சண்டைகள் எல்லாம் ஞாபகத்தில் இருந்தன. காய்ச்சலுக்குப் பிறகு நடந்த எதுவும் அரை மணி நேரம்கூடத் தங்கவில்லை. அவர் படுக்கையில் விழுந்தபோது அண்ணி உண்டாகியிருந்தது அண்ணிக்கே தெரியாது.

நான் கிளிநொச்சியில் விஞ்ஞானம் படிப்பித்தேன். பெரிய மேதாவி என்ற நினைப்பு வேறு. ஒரு சஞ்சிகையில் வாசித்தேன்: கண்டதும் கேட்டதும் நிலைக்க வேண்டுமென்றால் மூளையின் கலங்கள் புதிதாகப் புரதம் கட்ட வேண்டுமாம், இல்லாவிட்டால் அன்றைய நினைவு அன்றோடு சரி. உடனே சைக்கிளில் ஓடினேன்.

"அண்ணி, ஒவ்வொரு நாளும் முட்டையும் பயறும் குடுங்கோ. பிள்ளையின்ரை முகம் அண்ணைக்குப் பதியும்."

அண்ணி நம்பினார். மகளுக்கு வைத்த முட்டையையும் அவருக்கே அவித்துக் கொடுத்தார்.

தின்னும் முட்டை நேரே நினைவாகாது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அண்ணனின் மூளையில் கல்லும் மண்ணும் குவிந்துதான் கிடந்தன. கட்டுகிற மேசன் அந்தக் காய்ச்சலிலேயே செத்துப்போயிருந்தான். அதை அண்ணியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது. முட்டை அவிந்துகொண்டே இருந்தது.

கேள்வியைக்கூடத் தாங்கலாம். "உங்கடை பிள்ளைதான் அப்பா" என்று அவள் சொன்னால்தான் வினை. "எனக்குப் பிள்ளை பிறந்ததே? ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?" என்று அண்ணன் அழுவார். கொஞ்ச நேரத்தில் அவர் மறந்துவிடுவார். தாயும் மகளும் மறக்க முடியாமல் குசினிக்குள் அடுப்படியில் இருப்பார்கள்.

அவளுக்கு ஆறு வயதானபோது ஒருநாள் போயிருந்தேன். முட்டையைக் கொண்டுபோய் அண்ணனிடம் கொடுத்தாள்.

"ஆரின்ரை பிள்ளை நீ?"

அவள் என்னை ஒருதரம் பார்த்தாள்.

"பக்கத்து வளவு வீட்டுப் பிள்ளை."

அண்ணன் அழவில்லை. சிரித்தார். முட்டையில் பாதியைப் பிய்த்து அவளிடம் நீட்டினார்.

"நல்ல பிள்ளை. இதைத் திண்டுட்டு வீட்டை ஓடு. உன்ரை அப்பா தேடப்போறார்."

"ஓம்" என்று வாங்கிக்கொண்டு அவள் குசினிக்குப் பின்னால் போய் நின்றாள். போவதற்கு அவளுக்கு வேறு வீடு இல்லை.