என் பேரில் இருந்த சபைப் பணம்

என் பேரில் பாங்கில் பதினெட்டாயிரம் ரூபாய் இருந்த நாட்களில் எங்கள் வீட்டுக்கு அரிசி கடனில் வந்தது. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷம் ஆகியும் வரவில்லை.

சிக்கந்தராபாத்தில் ஒரு தமிழ்ச் சபையில் கோயில் குட்டியாக இருந்தேன். மணி அடிப்பது, பெருக்குவது, பெஞ்சு துடைப்பது, பாட்டு நம்பர் மாட்டுவது, கல்யாணத்துக்கும் சாவுக்கும் கதவு திறப்பது. திருநெல்வேலிப் பக்கம் ஐந்தாவது வரை படித்தவன். ஆலயத்துக்குப் பின்னால் ஒரு அறை கொடுத்திருந்தார்கள். அதில் நான், மனைவி, மகள். அறை வேலையோடு சேர்ந்தது. வேலை நல்ல பேரோடு சேர்ந்தது. பேர் போனால் மூன்றும் போகும். அது எனக்குத் தெரியும்.

சபைக்கு ஒரு செயலாளர், ஒரு பொருளாளர். செயலாளர் பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் ஆபீசர். பொருளாளர் பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்று, சைனிக்புரியில் வீடு கட்டிக்கொண்டவர். கமிட்டித் தேர்தலிலிருந்து இருவருக்கும் ஆகாது. சபைக் கணக்கில் பணம் எடுக்க இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். ஒருவர் போட்டால் மற்றவர் போட மாட்டார். கடைசியில் இருவரும் தனித்தனியாக பாங்குக்குக் கடிதம் எழுதினார்கள், மற்றவர் கையெழுத்து செல்லாது என்று. பாங்க் கணக்கையே நிறுத்தி வைத்துவிட்டது.

அந்தச் சமயம் அறுப்பின் பண்டிகை வந்தது. காய்கறி, கோழி, கேக் என்று ஆளுக்கு ஒன்று கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம். அந்த வருஷம் கூரை மாற்றுவதற்காக ஏலம். ஒரு பூசணிக்காய்க்குச் செயலாளர் பத்து ரூபாய் என்றார். பொருளாளர் இருபது என்றார். அதோடு விட்டிருக்கலாம்.

"நூறு!" என்றார் பொருளாளர்.

"நூத்தி அம்பது!"

"டீக் ஹை. எரநூறு. இன்னா சார், மூச்சு வாங்குதா?"

"நான் நிறுத்த மாட்டேன் சுபேதார் சார். முந்நூறு!"

சனம் கை தட்டியது. பூசணிக்காயைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நின்றது நான். கை கடுத்தது. இறக்க விடவில்லை.

ஏலம், காணிக்கை, சந்தா எல்லாம் சேர்ந்து பதினெட்டாயிரம். வைக்க இடமில்லை. வீட்டில் வைக்கப் போதகருக்குப் பயம். செயலாளர் பேரில் போட பொருளாளர் விடவில்லை. பொருளாளர் பேரில் போடச் செயலாளர் விடவில்லை.

"குட்டியார் பேர்ல போடுங்க. அவனுக்கு பாங்க்ல கணக்கு இருக்குது. கட்சி கெடையாது" என்றார் பொருளாளர். செயலாளரும் சரி என்றார். அன்றைக்கு அந்த ஒன்றில்தான் ஒத்துப்போனார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. நான் பக்கத்தில்தான் நாற்காலி மடக்கிக்கொண்டிருந்தேன்.

கணக்கு இருந்தது உண்மை. முன்பிருந்த போதகர் திறந்து கொடுத்தது. பத்தும் ஐந்துமாகப் போட்டு முந்நூற்று நாற்பது ரூபாய் சேர்த்திருந்தேன். மகளுக்கென்று.

மறுநாள் போதகரும் நானும் பணப்பையோடு ரிக்‌ஷாவில் போனோம். முன்னால் செயலாளர் ஸ்கூட்டர். பின்னால் பொருளாளர் ஸ்கூட்டர். ரிக்‌ஷாக்காரன் எங்களை யாரோ பெரிய ஆட்கள் என்று நினைத்துக்கொண்டான்.

அதுவரை அந்த பாங்கில் என்னைப் பெஞ்சில் உட்கார் என்பார்கள். கூப்பிடும் வரை உட்கார்ந்திருப்பேன். அன்றைக்கு மேனேஜர் தன் அறையில் நாற்காலி கொடுத்தார். சாயா வந்தது. "சார்" என்றார். திரும்பிப் பார்த்தேன். என்னைத்தான்.

பாஸ் புத்தகத்தை யார் வைத்துக்கொள்வது என்று அங்கேயே சண்டை. அதுவும் என்னிடமே வந்தது.

சந்தோஷம் இல்லை என்று சொன்னால் பொய். மனைவி விளக்கடியில் புத்தகத்தை விரித்து விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள்.

"ஏங்க, இது நம்ம பேர்தான?"

"பேர் நம்மது. பணம் சபையது."

"அது தெரியும். சும்மா பாக்கேன். பாத்தா கொறையுமா?"

நானும் பார்த்தேன். கடைவீதியில் நடக்கும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. சைக்கிள் கடை முன்னால் நின்று, இந்தக் கடையில் இருக்கும் அத்தனை சைக்கிளும் வாங்கலாம் என்று நினைத்தேன். தையல் மிஷின் கடையில் விலையே கேட்டேன். வாங்கப் போகிறவன் மாதிரி கேட்டேன். கடைக்காரன் மிதித்துக் காட்டினான். அது ஒரு பதினைந்து நாள். அவ்வளவுதான்.

முதலில் செயலாளர் தனியாக வந்தார்.

"பிரதர், இந்த ஸ்லிப்ல ஒரு சைன் போடுங்க. கான்ட்ராக்டருக்கு அட்வான்ஸ். அவர்கிட்ட சொல்ல வேணாம்."

"ரெண்டு பேரும் சேந்து வாங்க சார். போடுதேன்."

முகம் சுருங்கிப் போனார். அந்த வாரமே பொருளாளர் வந்தார். கையில் பிஸ்கட் பொட்டலம்.

"நீ நம்மாளுப்பா. ஒரு கையெழுத்து போடு. மீதிய நான் பாத்துக்கறேன்."

"ரெண்டு பேரும் சேந்து வாங்க ஐயா."

பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இதற்குள் இன்னொன்று நடந்தது. என் சம்பளம் சபைக் கணக்கிலிருந்துதான் வர வேண்டும். அந்தக் கணக்கு நின்றுபோயிற்று. ஆகவே என் சம்பளமும் நின்றது. முதல் மாதம் பொறுத்தேன். இரண்டாம் மாதம் போதகரிடம் கேட்டேன்.

"கணக்கு ஓபன் ஆகட்டும் தம்பி. எனக்கே பாதிதான் வருது. ஜெபம் பண்ணிக்கோங்க."

பண்ணினேன். அரிசிக்கடைச் சேட்டிடம் கடன் ஏறியது. அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"கைக்கு சாப், பாங்க் மே இத்தா பைசா ஹை கதே. மேரே கனே உதார் கைக்கு?"

பாங்கில் அவ்வளவு பணத்தை வைத்துக்கொண்டு என்னிடம் ஏன் கடன் என்று கேட்கிறார். கடையில் நாலு பேர் இருந்தார்கள். என்ன சொல்வது? நேரே பாங்குக்குப் போனேன். என்னுடைய முந்நூற்று நாற்பதிலிருந்து அறுபது எடுத்தேன். பிறகு எழுபது. பிறகு எழுபது. மொத்தம் இருநூறு. சேட் கடனை அடைத்தேன். மகளுக்குச் செருப்பு வாங்கினேன். அவ்வளவே எடுத்தேன். அதற்கு மேல் ஒரு பைசா இல்லை.

பாங்கில் என்னைப் பார்த்த யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தது. யாரும் போகக்கூடாது என்று செயலாளர் சொன்னார். என்னை முன்னால் வரச் சொன்னார். நூறு நூற்றைம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் துடைத்த பெஞ்சுகளில்தான்.

"பாஸ் புக் எங்க?"

கொடுத்தேன். சத்தமாக வாசித்தார். அறுபது, எழுபது, எழுபது. ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி சனத்தைப் பார்த்தார்.

"இது என்ன பிரதர்?"

"என் பணம் சார். மேல பாருங்க. சபைப் பணம் போடறதுக்கு முந்தியே முந்நூத்தி நாப்பது இருக்கு. இப்பவும் சபைப் பணம் பதினெட்டாயிரமும் அப்படியே இருக்கு. அதுக்கு மேலயும் இருக்கு."

"மேல இருக்கறது வட்டி. வட்டியும் சபையோடது."

"அப்ப என் முந்நூத்தி நாப்பது எங்க சார் போச்சு?"

பொருளாளர் எழுந்தார்.

"இன்னாப்பா கணக்கு பேசற? எல்லாம் ஒண்ணா கலந்த பிறகு உன் ரூபா எது, சபை ரூபா எது? அடையாளம் போட்டு வச்சிருக்கியா? கை வைக்கறதுக்கு முந்தி எங்கள்ல ஒருத்தர கேட்டியா?"

"கரெக்ட்" என்றார் செயலாளர்.

பணத்தை என் பேரில் போட்ட பிறகு அந்த இரண்டு பேரும் ஒருவர் பேச்சை ஒருவர் சரி என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அன்றைக்குத்தான் மறுபடி கேட்டேன். பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி எழுந்தாள். அவள் சபையில் வாய் திறந்ததே கிடையாது.

"மூணு மாசமா எங்களுக்குச் சம்பளம் இல்ல. அத யாராவது கேட்டியளா? ஒரு பூசணிக்காய்க்கு முந்நூறு ரூவா குடுத்திய. கோயிலப் பெருக்குதவன் வீட்டுல அரிசி இருக்கான்னு கேட்டியளா?"

"அம்மா, உக்காருங்க. இது கமிட்டி விஷயம்" என்றார் செயலாளர்.

"கமிட்டி விஷயம்னா எல்லாரையும் எதுக்கு உக்கார வச்சிய?"

யாரோ பின்னால் சிரித்தார்கள். செயலாளருக்குக் கோபம் வந்துவிட்டது. பீடத்திலிருந்த வேதப் புத்தகத்தைக் காட்டினார்.

"கை வச்சு சத்தியம் பண்ணச் சொல்லுங்க ஐயா."

போதகர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தினமும் நான் தூசி தட்டுகிற புத்தகம் அது. தொட எனக்குப் பயமில்லை. ஆனால் திருடனைத்தான் சத்தியம் செய்யச் சொல்வார்கள். "மாட்டேன்" என்றேன். அதற்கு மேல் பேசவில்லை. பேசியிருந்தால் அவரை அடிக்கக் கை நீண்டிருக்கும். மாட்டேன் என்றதும் சனத்தில் ஒரு முணுமுணுப்பு. பாதிப் பேர் முடிவு செய்துவிட்டார்கள். முகத்திலேயே தெரிந்தது.

மறுநாள் செயலாளரும் பொருளாளரும் ஒரே ஸ்கூட்டரில் பாங்குக்கு வந்தார்கள். கூடவே கடிதம் கொடுத்தார்கள், சபைக் கணக்கைத் திறக்கச் சொல்லி. இரண்டு கையெழுத்தும் இருந்தது. மூன்று மாதமாக முடியாதது ஒரே நாளில் முடிந்தது. பதினெட்டாயிரத்துக்கு எழுதிக் கொடுத்தேன். வட்டியும் வேண்டும் என்றார்கள். அதற்கும் எழுதினேன். என் காசுக்கு வந்த வட்டியும் அதில் உண்டு. யாரும் பிரிக்கவில்லை. மேனேஜர் அவர்கள் இருவருக்கும் நாற்காலி போட்டார். நான் நின்றேன். கடைசியில் புத்தகத்தில் நூற்று நாற்பது ரூபாய். பதினெட்டாயிரம் முழுதாக வந்துவிட்டது என்று மேனேஜரே சொன்னார். இரண்டு பேரும் கேட்டார்கள்.

அன்று சாயங்காலம் போதகர் எங்கள் அறைக்கு வந்தார். மூன்று மாதச் சம்பளத்தை உறையில் போட்டுக் கொடுத்தார்.

"கணக்கு சரியா இருக்கு தம்பி. அவங்களும் ஒத்துக்கிட்டாங்க. மனசுல வச்சுக்காதீங்க. எனக்கு ரொம்ப வருத்தம்."

"இத ஞாயித்துக்கிழமை அங்க சொல்லுங்க ஐயா. எல்லாரும் இருக்கும்போது."

"இப்பத்தான் ரெண்டு பேரும் சமாதானம் ஆயிருக்காங்க. அதைக் கிளறினா திரும்ப உடைஞ்சிடும்."

"அப்ப என்னைத் திருடன்னு வச்சுத்தான் ஒட்டுமா?"

மனைவி காப்பி போடவில்லை. நானும் போடச் சொல்லவில்லை.

ஞாயிறு வரை பொறுத்தேன். மணி அடித்தேன், பாட்டு நம்பர் மாட்டினேன். அறிவிப்பு நேரத்தில் செயலாளர் எழுந்தார். கூரை வேலை தொடங்கப் போகிறது என்றார். கமிட்டி ஒற்றுமையாகச் செயல்படுகிறது என்றார். பொருளாளர் தலையாட்டினார். போதகர் ஆசீர்வாதம் சொன்னார். சனம் வெளியே போயிற்று. ஒருவர் கூட ஒன்றும் சொல்லவில்லை.

சாவிக் கொத்தைப் போதகர் மேசையில் வைத்தேன். "எங்க போவீங்க தம்பி?" என்றார். தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது.

பாலாநகரில் ஒரு சின்னப் பட்டறையில் காவலாளி வேலை கிடைத்தது. தகரக் கூரை போட்ட ஒரு அறை, வாடகைக்கு. இன்றுவரை அந்தச் சபை வாசலை மிதிக்கவில்லை. மகள் கல்யாணம் கூட வேறு ஆலயத்தில்தான் நடந்தது.

அதெல்லாம் பழைய கதை, அவர்களே மறந்துவிட்டார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். மறந்திருப்பார்கள். முன்னால் நின்றது அவர்கள் இல்லையே. உட்கார்ந்து பார்த்தவர்கள் எனக்கு மன்னிக்கச் சொல்லித் தருகிறார்கள். முதலில் எழுந்து நின்று சொல்லட்டும், இவன் எடுக்கவில்லை என்று. பிறகு பார்க்கலாம்.