கரடிக்கும் எனக்கும் ஒரே மாத்திரை

போன வருடம் ஆடி மாதம். வாடிப்பட்டியில் ஒரு மருந்துக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மதுரையில் மருந்துக்கடைக்கா பஞ்சம்? வண்டியூரில் என் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அந்தக் கடைக்காரர் மகள் என் வகுப்பில் படிக்கிறாள். "டீச்சருக்கு மனசு சரியில்லையாம்" என்று ஊர் பேசிவிடுமே என்று பயந்துதான் இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருந்தேன்.

எனக்கிருந்த தொல்லை இதுதான்: கேஸை மூடினேனா, கதவைப் பூட்டினேனா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பது. பஸ் ஸ்டாப் வரை போய்விட்டு வீட்டுக்கு ஓடுவேன். டாக்டர் மாத்திரை கொடுத்தார். கொஞ்சம் குறைந்ததும் நானே நிறுத்திவிட்டேன். சனியன் மறுபடி பிடித்துக்கொண்டது.

கடையில் கூட்டம். சீட்டைக் கைக்குள் மடக்கிக்கொண்டு, எல்லோரும் போகட்டும் என்று ஒதுங்கி நின்றேன். அப்போது காக்கிச் சட்டை போட்ட ஒருவர் வந்து தன் சீட்டை நீட்டினார். கடைக்காரர் மருந்தின் பெயரைச் சத்தமாகவே படித்தார். என்னுடைய அதே மாத்திரை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"யாருக்குண்ணே?"

"நம்ம கரடிக்குத்தான்."

நின்றவர்கள் சிரித்தார்கள். "கரடிக்கு அப்படி என்னண்ணே கவலை?" என்றார் ஒருவர்.

காக்கிச் சட்டைக்காரர் மலையடிவாரத்தில் உள்ள ஒரு விலங்குக் காப்பகத்தில் வேலை பார்ப்பவராம். கோபப்படவில்லை. "ரொம்ப வருசம் சின்னக் கூண்டுல கெடந்துச்சுப்பா. இப்ப இம்புட்டுப் பெரிய தோப்புல விட்டும், அந்தக் கூண்டு அளவுக்குத்தான் போகுது, திரும்புது. போகுது, திரும்புது. பாதம் தேஞ்சு ரத்தமே வந்துருச்சு. மாத்திரை குடுத்த பெறகு அப்பப்ப நின்னு கறையான் புத்தத் தோண்டுது. நல்லாருக்கேன்னு நாமளா நிறுத்திறக் கூடாதுன்னு டாக்டரம்மா கறாரா சொல்லிருக்காங்க."

சிரித்தவர்கள் "பாவம்" என்றார்கள். அந்தக் கரடியை யாரும் பைத்தியம் என்று சொல்லவில்லை. என்னைப் பற்றி நானே ஒருநாளும் பாவம் என்று நினைத்ததில்லை.

கசங்கிய சீட்டைப் பிரித்து அவர் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "எனக்கும் அதே மாத்திரைதான்" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. யாரும் சிரிக்கவில்லை. காக்கிச் சட்டைக்காரர் மட்டும், "கசக்குதாம்மா? நாங்க கேப்பைக் களியில தேன ஊத்தி உள்ள வச்சுக் குடுத்துருவோம்" என்றார், நிஜமான அக்கறையோடு. எத்தனையோ நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்.

அந்தக் கரடியை நான் பார்த்ததேயில்லை. ஆனாலும் தினமும் காலையில் மாத்திரையைக் கையில் எடுக்கும்போது, அதுவும் இந்நேரம் களி தின்றுகொண்டிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்; துணைக்கு ஆள் இருக்கிற தைரியத்தில்தான் எனக்கு அது உள்ளே இறங்குகிறது.