சொல்லாமல் விட்ட பெயர்

கைப்பேசியில் போட்ட எந்தப் பாட்டுக்கும் என் மகள் அழுகையை நிறுத்தவில்லை. களமருதூர் வீட்டில் அம்மா என் தம்பிக்குப் பாடிய தாலாட்டையே பாடத் தொடங்கினேன்.

தாய்மாமன்களின் பெயரை வரிசையாகச் சொல்லி, அவர் அடித்தாரா என்று அதில் குழந்தையைக் கேட்க வேண்டும். மூன்றாவது பெயர் வரும் இடத்தில் அம்மா வாயை மூடிக்கொள்வாள். தூளிக் கயிறு மட்டும் கிறீச்சிடும்.

சின்ன வயதில் ஒருமுறை ஏன் என்று அம்மாவைக் கேட்டேன்.

"ஏரியில முழுகிப் போனவன் பேருடி அது. சொன்னா கூப்ட்ட மாதிரி ஆயிடும். வந்து நின்னுகினு இருப்பான்."

என் மகளுக்கு ஒரே தாய்மாமன், அந்தத் தம்பிதான். போன வருஷம் உளுந்தூர்பேட்டை ரோட்டில் லாரி மோதி இறந்துபோனான். பாட்டு வேகத்தில் அவன் பெயரைச் சொல்லிவிட்டேன்.

மகளின் அழுகை சட்டென்று நின்றது. வாசலைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் திரும்பிப் பார்க்காமல், அந்தப் பெயரை இன்னொரு முறை சொன்னேன்.