ஒன்பது பதினொன்றா, ஒன்பது நாற்பத்தொன்றா: சுங்கை சிப்புட் தோட்டச் சாலையில் ஒரு கார் போட்டி

ஈப்போவிலிருந்து கோலா கங்சாருக்கு நெடுஞ்சாலையைத் தவிர்த்துப் பழைய சாலையில் போக விரும்புகிறவர்கள் வழி கேட்டு எழுதுகிறார்கள். அந்தச் சாலை எனக்கு நன்றாகவே தெரியும். 1982 ஜனவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் கணவர் சூசை கார் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னேன். அது ஒரு கார் போட்டி. அதை முதலில் எழுதிவிடுகிறேன். சாலைக் குறிப்புகள் கடைசியில் இருக்கின்றன.

சூசைக்குச் சிலிபினில் கார்ப் பட்டறை. எழுபதுகளில் ஈப்போவிலிருந்து பத்து தீகா பந்தயத் தடத்துக்குப் போன கார்களில் பலவற்றுக்கு அவர்தான் இன்ஜின் பிரித்துக் கோத்தார். கார் ஜெயித்தால் ஓட்டியவர் பெயர் பத்திரிகையில் வரும். இன்ஜினைத் தொட்டவர் பெயர் எதிலும் வராது. ஒரே ஒரு முறை அச்சிட்ட முடிவுப் பட்டியலில் தன் பெயரைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு பட்டியலையும் மேலிருந்து கீழே விரல் வைத்துப் படிப்பார். எனக்குப் புரிந்தது.

உள்ளூர்க் கார் மன்றம் நடத்திய இந்தப் போட்டியில் வேகம் முக்கியமில்லை. கொடுத்த சராசரி வேகத்தில், கொடுத்த வழியில், சொன்ன நிமிடத்துக்குச் சோதனைச் சாவடியை அடைய வேண்டும். ஒரு நிமிடம் தாமதமானால் ஒரு புள்ளி தண்டனை, ஒரு நிமிடம் முந்தினால் இரண்டு. முப்பது நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் பட்டியலில் பெயரே இருக்காது. நுழைவுக் கட்டணம் இருபத்தைந்து வெள்ளி, அதாவது ரிங்கிட். கணக்கும் கடிகாரமும் கான்வென்ட் கன்னியாஸ்திரிகள் எனக்குள் அடித்து இறக்கியவை. வழி சொல்ல என்னைவிடப் பொருத்தமான ஆள் ஈப்போவில் இல்லை என்று நினைத்தேன்.

எங்களுடையது பழைய மோரிஸ் மைனர். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது விற்றது. அப்போது சாலையெங்கும் டட்சன், மஸ்டா, டொயோட்டா. நாட்டின் சொந்தக் கார் வர இன்னும் மூன்று வருடம் இருந்தது. தஞ்சோங் மாலிமில் கார்த் தொழிற்சாலை வரும் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். புறப்படும் இடத்தில் எங்களைப் பார்த்தும் சிரித்தார்கள்.

"சூசை அண்ணே, மியூசியத்துல கேட்டுட்டுத்தான் எடுத்து வந்தீங்களா?"

"உன் மஸ்டா வழியில நின்னா இதுலதான்டா கட்டி இழுப்பேன்" என்றார் இவர்.

புது ஆட்கள் என்பதால் கடைசி எண் எங்களுக்கு. காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். ஜெலாப்பாங், செம்மோர், பிறகு 29 கிலோமீட்டரில் சுங்கை சிப்புட். அதைத் தாண்டி ரப்பர்த் தோட்டத்துச் செம்மண் சாலை. முதல் சாவடி 48 கிலோமீட்டரில், தோட்ட அலுவலக வாசலில். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம். ஆக 9.12க்கு அங்கே இருக்க வேண்டும்.

தோட்டத்தின் மூன்றாவது பிரிவில்தான் தவறு நடந்தது. ரப்பர்ப் பால் கொட்டகையில் இடப்பக்கம் திரும்பு என்றது வழிப் புத்தகம். அங்கே சாலை இரண்டாகப் பிரிந்தது, கொட்டகை எதுவும் இல்லை. விறகுக் கட்டோடு ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். சூசை பிரேக்கில் கால் வைத்தார்.

"அக்காவ ஒரு வார்த்த கேட்டுட்டுப் போலாம், ஸ்டெல்லா."

"புத்தகத்துல இருக்கு. இடப்பக்கம் திரும்புங்க."

"நான் தோட்டத்துல பொறந்தவன். இங்க கொட்டகைய மாத்திக் கட்டுவாங்க லா."

"நான் வழி சொல்றேனா, நீங்க சொல்றீங்களா?"

அந்தப் பெண் பின்னாலிருந்து கத்தினாள். "அது ஆத்துக்குப் போற ரோடும்மா!" தூசி வருகிறது என்று கண்ணாடியை ஏற்றினேன்.

சாலை ஆற்றங்கரையில் முடிந்தது. காரைத் திருப்பும்போது பின்சக்கரம் சேற்றில் இறங்கியது. சூசை இறங்கிக் கல்லும் மட்டையும் போட, நான் ஸ்டீயரிங் பிடித்தேன். வெளியே வந்தபோது அவர் முழங்கால் வரை சேறு.

"எவ்வளவு லேட்டு?" கைக்கடிகாரம் கட்டியிருந்தவள் நான் மட்டும்தான்.

"ஜாஸ்தி இல்ல" என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன பொய்கள் மிகக் குறைவு. அது ஒன்று.

அலுவலகத்தை அடைந்தபோது மணி 9.41. சாவடிக்காரர் கால் மணி நேரம் முன்பே மூட்டை கட்டி அடுத்த இடத்துக்குப் போயிருந்தார். கடைசிக் கார் வந்தால் நேரம் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்று தோட்ட அலுவலக எழுத்தர், கிராணி கோவிந்தசாமியிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். கிராணி சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து, அழகான கையெழுத்தில் எங்கள் நேர அட்டையில் எழுதினார்: 9.11.

சூசை எட்டிப் பார்த்தார். "ஒரு நிமிசம்தான் முந்தி! ரெண்டே புள்ளி! ஸ்டெல்லா, நீ கெட்டிக்காரி!"

எனக்கு உடனே புரிந்தது. அந்த ஜனவரி முதல் தேதிதான் அரசாங்க உத்தரவுப்படி மலாய்த் தீபகற்பம் முழுவதும் கடிகாரங்களை அரை மணி முன்னே தள்ளினோம். கேட்காமல் விட்டுவிடலாம் என்று தோன்றியும் கேட்டேன்.

"இங்க இன்னும் பழைய நேரமா?"

"ஆமாம்மா. இருட்டுல மரம் வெட்டிப் பால் எடுக்க முடியுமா? சூரியன் கவர்மெண்ட்ட கேட்டுட்டா வருது?" என்று சிரித்தார் கிராணி. சூசை அதற்குள் காருக்குப் போய் இன்ஜினைக் கிளப்பியிருந்தார்.

கோலா கங்சார் வரை அவர் பாடிக்கொண்டு ஓட்டினார். வழிப் புத்தகத்தில் தேநீருக்கு விட்டிருந்த அரை மணியை நான் அவரிடம் சொல்லவில்லை. அங்கே இரண்டாவது சாவடியைச் சரியான நிமிடத்தில் தொட்டோம். திரும்பும் வழியெல்லாம் கோப்பையை வீட்டில் வைப்பதா, பட்டறையில் வைப்பதா என்ற பேச்சு. அட்டை என் மடியில் இருந்தது. அந்த 9.11 என் தவறை முழுதாக மூடியிருந்தது. நான் வாய் திறக்காவிட்டால் ஆற்றங்கரையைப் பற்றி யாருக்கும் தெரியாது. அவருக்கும் பெயர் கிடைத்துவிடும்.

ஜெலாப்பாங் வந்ததும் ஓரமாக நிறுத்தச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் இன்ஜினை நிறுத்தினார். பிறகு, "உன் வாட்ச் தப்பா இருக்கலாம்லா" என்றார்.

"என் வாட்ச் தப்பாப் போகாது."

"ஆமா. ரோடு மட்டும்தான் தப்பாப் போகும்."

அந்தப் பேச்சுக்கு நான் தகுதியானவள்தான். "முப்பதுக்கு மேல போயிருந்தா பேரே வராதே" என்றார். "நீயே போய்ச் சொல்லு. என்னால முடியாது."

முடிவிடத்தில் மேசைக்குப் பின்னால் ஒரு வங்கி அதிகாரி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அட்டையை நீட்டி, உண்மை நேரம் 9.41 என்றேன். சுற்றிலும் காலையில் சிரித்த அதே ஆட்கள்.

"எங்கே தாமதம்?" என்று கேட்டார்.

"வழி தப்பிவிட்டது."

"ஏன், யாரும் இல்லையா கேட்க?"

"இருந்தார்கள். நான் கேட்கவில்லை."

பின்னால் ஒரு குரல். சூசை வந்து நின்றிருந்தார், கால்சட்டையில் சேறு காய்ந்திருந்தது. "வண்டிய ஓட்டுனது நான் சார். நானும்தான் கேக்கல."

அதிகாரி பென்சிலால் கழித்துப் பார்த்தார். "இருபத்தொன்பது நிமிடம். பட்டியலில் இருப்பீர்கள். கடைசியில்."

இரண்டு வாரம் கழித்துப் பட்டியல் தபாலில் வந்தது. சூசை விரலை மேலிருந்து கீழே இறக்கினார், கடைசி வரியில் நிறுத்தினார், அங்கேயே வைத்திருந்தார். பிறகு பட்டறைச் சுவரில் ஒட்டினார். "என்ன மச்சான், கடைசியா?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள். "பேரு இருக்குலா, படிச்சுப் பாரு" என்பார். அவர் பட்டறையை மூடும்வரை அது அங்கேயே இருந்தது. இப்போது என்னிடம் இருக்கிறது.

போக விரும்புகிறவர்களுக்கு: காலை எட்டு மணிக்குள் ஈப்போவை விட்டுக் கிளம்புங்கள். பழைய சாலையில் கோலா கங்சார் சுமார் 50 கிலோமீட்டர், நிற்காமல் போனால் ஒன்றேகால் மணி நேரம். பெட்ரோல் சுங்கை சிப்புட்டிலேயே போட்டுவிடுங்கள். தோட்டத்துக்குள் போக அனுமதி கேட்க வேண்டும். ரப்பர் இப்போது இல்லை, எல்லாம் செம்பனை எண்ணெய் மரங்கள். மழை பெய்திருந்தால் செம்மண் சாலையில் இறங்காதீர்கள்.

போன வருடம் மகளோடு அங்கே போனேன். மூன்றாவது பிரிவில் அவளுடைய கைப்பேசி வரைபடம் இடப்பக்கம் காட்டியது. குலை வெட்டும் வங்காளதேசத்துத் தொழிலாளி ஒருவர் சாலையோரம் நின்றிருந்தார். "மேப்புல இருக்கும்மா" என்றாள் மகள். நான் கண்ணாடியை இறக்கி, எனக்குத் தெரிந்த மலாய் மொழியில் வழி கேட்டேன். அவர் வலப்பக்கம் கை காட்டினார்.