முகம் பிடித்த காளை

எட்டு வயதில் எங்கள் வீட்டு மந்திரி நான்தான். கடிதம் வாசிப்பது, நொர்வேஜியரோடு கதைப்பது எல்லாம் நான். அப்பாவையும் அம்மாவையும் ஒஸ்லோப் புறநகரான ஹவுகன்ஸ்டுவாவில் வைத்துக் குடித்தனம் நடத்தியதே என் வாய்தான். எனக்குத் தெரியாத நொர்வேஜியச் சொல் உலகத்தில் இல்லை என்ற திமிர் வேறு.

யாழ்ப்பாணத்தில் கால்நடைத் திணைக்களத்தில் இருந்த அப்பா, ஒஸ்லோவில் ஓர் இறைச்சித் தொழிற்சாலையில் தரை கழுவினார். அங்கே, இறைச்சி மாடுகளைச் சினைப்படுத்தப் பொலிகாளை தெரிவுசெய்யும் பகுதியில் ஓர் இடம் காலியானது. அப்பா போய்க் கேட்டார். மேலாளர் மறுக்கவில்லை, மொழிபெயர்க்க ஓர் ஆளோடு வரச் சொன்னார். கலியாணத்துக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு அப்பா என்னையும் கூட்டிப் போனார்.

மேலாளர் இரண்டு காளைகளின் படங்களை மேசையில் வைத்து, எதைத் தெரிவுசெய்வீர்கள் என்று கேட்டார். ஒன்று கொழுத்துத் தினவெடுத்து நின்றது. மற்றது ஒட்டி உலர்ந்தது. ஒவ்வொன்றின் கீழும் வரிசையாக இலக்கங்கள். அப்பா யோசிக்காமல் மெலிந்ததைத் தொட்டார். மேலாளர் நிமிர்ந்து உட்கார்ந்து, ஏன் என்று கேட்டார்.

"உடம்பை நம்பேலாது. இதின்ரை கன்றுகளையும் இனசனத்தையும் வெட்டி நிறுத்துப் பாத்து எடுத்த கணிப்புத்தான் இந்த இலக்கங்கள். இதுக்குப் பிறக்கிறதிலை நல்ல இறைச்சி கூடுதலாய் வரும், கொழுப்புக் குறைவு. அப்பிடியே சொல்லு குஞ்சு."

எனக்குக் கொழுப்பு என்ற சொல் மட்டும்தான் நொர்வேஜிய மொழியில் தெரியும். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மானம் போய்விடுமே!

"அப்பாவுக்கு இதன் முகம் பிடித்திருக்கிறதாம்" என்று நொர்வேஜிய மொழியில் அடித்துவிட்டேன்.

மேலாளர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரிப்பதைக் கண்டு அப்பாவும் சிரித்தார். மேலாளர் கை கொடுத்து எங்களை அனுப்பிவிட்டார். ரயில் நிலையத்தில் அப்பா எனக்குப் பெரிய ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார்.

வேலை இல்லை என்ற கடிதத்தையும் நானேதான் வாசித்தேன்.

"என்ரை தோலைப் பாத்துத்தான் வேண்டாமெண்டவங்கள்" என்றார் அப்பா.

"விடுங்கோ, இஞ்சை உப்பிடித்தான்" என்றாள் அம்மா. நானும் சேர்ந்து மேலாளரை மனதாரத் திட்டினேன்.

அப்பா கடைசிவரை தரைதான் கழுவினார். வேறெந்த வேலைக்கும் கேட்டுப் போகவில்லை. இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்களிடம் அந்தத் தோல் கதையைச் சொல்வார். நான் தேநீர் கொடுத்துக்கொண்டு நிற்பேன்.

மெலிந்த காளைதான் சரியான விடை, மேலாளர் கேட்டது அதன் காரணத்தை மட்டும் என்பதெல்லாம் ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டு வந்த அந்தச் சனியனுக்கு விளங்கவில்லை. பல வருடம் கழித்து உயிரியல் வகுப்பில் விளங்கியது. அன்றிலிருந்து அப்பாவிடம் சொல்லப் பார்க்கிறேன். அந்த வாய் எங்கே போய்த் தொலைந்ததோ, வருகுதில்லை.